ஐந்து பேர் ஏறினால் வெளியே வரும் வேன்

திரைச்சீலைக் கடையில் முப்பது வருடமாக ஊரார் வீட்டு ஜன்னல்களை அளந்துகொண்டிருப்பவருக்கு ‘இஞ்ச் டேப்’ என்று பட்டப்பெயர் விழுந்ததில் ஆச்சரியமில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன் சொந்த வேனை அளப்பதில் கோட்டை விட்டார்.

அந்த வேன், பிள்ளைகள் மூவரும் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. தார் ரோடு முடிந்து, கல்லும் பள்ளமுமாக ஏழு கிலோமீட்டர் போனால் ஒரு ஏரி வரும். லீவு விட்டால் குடும்பத்துக்கு அங்கேதான் கூடாரம். பள்ளத்தில் அடி தட்டுகிறதென்று ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டி, வண்டியை உயர்த்தினார். கூடாரம் வைக்க மேலே கேரியர் போட்டார். ஷெட் வாசலின் இரும்பு உத்திரத்தில் இடிக்குமா என்றும் அளந்தார். எப்படி? மனைவி மக்களை உள்ளே உட்காரவைத்துக்கொண்டு அளந்தார்! அவர்கள் இல்லாமல் வண்டி கிளம்பும் என்பதே அவர் புத்திக்கு எட்டவில்லை. ஐந்து பேர் பாரத்தில் வண்டி அமுங்கி, இரண்டு விரல் இடைவெளியில் வெளியே வந்தது. ஆள் குறைந்தால் கேரியர் முட்டும்.

ஆள் குறைந்தது. பெரியவனும் நடுவுலவனும் வேலைக்குப் போனார்கள், சின்னவள் கல்யாணமாகிப் போனாள். தனித்தனியாக வந்தார்களே தவிர, நான்கு வருடமாக மூவரும் சேர்ந்து வரவில்லை. வேன் ஷெட்டுக்குள்ளேயே நின்றது. டயரில் காற்றை இறக்கினால் ஐந்து நிமிட வேலை என்று மெக்கானிக் சொன்னதற்கு, அவன்மேல் எரிந்து விழுந்தார். அது அவருக்குத் தெரியாதா என்ன? வண்டி சுலபமாக வெளியே வந்துவிட்டால், பிள்ளைகளைக் கூப்பிட இருக்கும் ஒரே சாக்கும் போய்விடுமே! “நீங்க வந்து ஏறினாத்தான் வண்டி நகரும்” என்று ஒவ்வொரு லீவுக்கும் போனில் சொல்வார். சிரித்துவிட்டு, அடுத்த லீவுக்குப் பார்க்கலாம் என்பார்கள்.

இந்த வருடம் சின்னவளும் கையை விரித்துவிட்டாள். அன்று முழுக்க அவர் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கவில்லை. பிள்ளைகள் மேல் அவருக்குக் கோபமில்லை, ஏக்கம்தான்.

மறுநாள் காலை மனைவி எட்டு கேன்களில் தண்ணீர் பிடித்து, வாசலில் வரிசையாக வைத்தார். இருபது லிட்டர் கேன்கள். வேனுக்குள் பெரியவன் இடத்தில் மூன்று, நடுவுலவன் இடத்தில் மூன்று, ஜன்னலோரம் சின்னவள் இடத்தில் இரண்டு. நின்று வேடிக்கை பார்த்த கணவரையும் தூக்கவைத்தார்.

“இது என்ன கூத்து?” என்றார் அவர்.

“எனக்கும்தாங்க அந்த ஏரியைப் பார்க்கணும்போல இருக்கு. அவங்க வரும்போது வரட்டும். நாம போகலாம்.”

அவர் ஸ்டியரிங் பிடித்தார். வண்டி உத்திரத்தைத் தொடாமல் வெளியே வந்தது. அதே இரண்டு விரல்.

தார் ரோடு முடிந்தது. மூன்றாவது வளைவில் அந்தப் பெரிய பள்ளம். அங்கே அவர் எப்போதும் கத்துவார். பின்னாலிருந்து மூன்று குரல் ‘புடிச்சுக்கிட்டோம்பா’ என்று பதில் சொல்லும். பழக்கதோஷம், இன்றும் வாயில் வந்துவிட்டது.

“எல்லாரும் புடிச்சுக்கோங்க!”

பின்னால் கேன்களில் தண்ணீர் தளும்பியது.

பக்கத்தில் இருந்த மனைவி ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “புடிச்சுக்கிட்டோம்பா.”