மக்கரோனி பெங்குவினின் முதல் முட்டை

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் சமையல்காரன். சங்கரன்கோவில்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்காத ஆள் கிடையாது. மழை இல்லை, போனேன், அவ்வளவுதான். தெற்கே ஒரு பாறைத் தீவில் முகாம் போட்டிருந்தோம். பறவைகளை ஆராய வந்த வெள்ளைக்கார அம்மாவுக்குக் கால் பிசகிவிட்டது. சமையல் முடிந்ததும் நோட்டை என் கையில் திணித்து, போய்ப் பார்த்து எழுது என்றாள்.

அங்கே கொண்டை வைத்த பெங்குவின் இரண்டு வகை. ஒன்றுபோலவே இருந்து என் உயிரை வாங்கின. கொண்டை நனைந்து படிந்துவிட்டால் எது எதுவென்று தெரியாது. முதல் மூன்று நாள் நான் எழுதியதெல்லாம் தப்பு. பிறகுதான் நெற்றியைப் பார்க்கப் பழகினேன். கூட்டுப் புருவம் மாதிரி மஞ்சள் நெற்றியில் சேர்ந்திருந்தால் மக்கரோனி. கண்ணுக்கு மேலே தனித்தனிக் கோடாக நின்றால் மற்றது.

ஒரு மக்கரோனி முதலில் சின்னதாக ஒரு முட்டை இட்டது. நாலைந்து நாள் கழித்துப் பெரிதாக இன்னொன்று. உடனே சின்னதை வெளியே தள்ளிவிட்டது. எதையும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தும் எனக்குக் கை கேட்கவில்லை. நாலு கொத்து வாங்கிக்கொண்டு முட்டையை உள்ளே வைத்தேன். மறுபடி தள்ளியது. மறுபடி வைத்தேன். அந்த அம்மா என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். முதல் முட்டையை அது வளர்க்காதாம், அந்த இனமே அப்படித்தானாம். அடச்சே என்று போய் வெங்காயம் உரித்தேன். அன்று முழுக்க மனசே சரியில்லை.

என் மூத்த மகள் கரிவலம்வந்தநல்லூரில் என் அக்கா வீட்டில் இருந்தாள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. எங்களுக்கு இரண்டாவது பிறந்து, மனைவிக்கு உடம்பு முடியாமல் போனபோது, "ரெண்டு மாசம் நான் வச்சுக்கிடுதேன் தம்பி" என்று ஒரு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஐந்து வருடம் ஓடிவிட்டது. திருப்பிக் கேட்க வேண்டியவன் நான் கப்பலில் கிடந்தேன்.

ஊர் வந்த மறுநாள் அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மனைவி என்னை அடுக்களைக்குள் இழுத்தாள். "இந்தத் தடவையும் பிள்ளைய அனுப்பினீங்கன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன். மதினிட்ட சொல்லிருங்க." சரி என்றேன். சொல்லத்தான் தெம்பு வரவில்லை.

மகளிடம் பெங்குவின் போட்டோவைக் காட்டினேன். "நெத்தியப் பாரு மக்கா" என்றேன். பார்த்த மாத்திரத்தில், "சேந்திருக்கு, மக்கரோனி!" என்றாள். எனக்கு மூன்று நாள் பிடித்தது அவளுக்கு ஒரு நிமிஷம். பெருமை தாங்கவில்லை. அந்த வேகத்தில் கேட்டுவிட்டேன். "ஏட்டி, இனி இங்கனயே இருந்துக்கிடுதியா?"

"அம்மாட்ட கேட்டுட்டு வாரேன் மாமா" என்றாள்.

அக்கா அம்மா என்றால் அவள் தம்பி மாமாதானே. முறை சொன்னதில் பிள்ளை தவறவில்லை. பெற்றவள் அடுக்களை வாசலில் நின்றாள். அவளைத் தாண்டித் தெருத் திண்ணைக்கு ஓடி, அங்கே உட்கார்ந்திருந்த அக்காவின் மடியில் போய் விழுந்தது பிள்ளை.

சாயங்கால பஸ்ஸில் இருவருக்கும் நான்தான் இடம் பிடித்துக் கொடுத்தேன்.