தைப்பூசத்துக்கு விளையாத நெல்

சிவனேஸ்வரியின் வீட்டில் தைப்பூசத்தன்றுதான் புதிர். வயலில் முதல் கதிர்களை அறுத்து வந்து சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, புது அரிசியில் பொங்கி, வீட்டார் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள். புருசன் செத்த பிறகு எல்லோரும் என்றால் அவளும் மகன் சுஜிதனும்தான். கொழும்பில் போன் கடையில் நிற்கும் அவன் தீபாவளிக்கு வரமாட்டான், வருசப் பிறப்புக்கு வரமாட்டான். புதிருக்கு மட்டும் தவறமாட்டான்.

ஆனால் வானம் இப்போதெல்லாம் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. ஐப்பசி மழை பொய்த்தது. கார்த்திகையில் எல்லாம் சேர்த்துக் கொட்டி, முளைத்த பயிரை வெள்ளம் வழித்துக்கொண்டு போனது. வருசா வருசம் இதே கூத்து. பக்கத்து வயல் வீரபாகு வெறுத்துப்போய் வவுனியாவில் காவலாளி வேலைக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் சில வீடுகள் பூட்டுப்பட்டன. சிவனேஸ்வரிக்கோ உடும்புப் பிடி. தண்ணீர் வடிந்ததும் மறுபடி விதைத்தாள். வரம்பில் நின்று கூப்பிட்டுக் கதைக்க ஆளில்லாமல் பயிரோடு கதைத்தாள்.

பூசத்துக்கு முதல் நாள் மகன் போன் எடுத்தான்.

"அம்மா, கட்டாருக்கு விசா வந்திட்டுது. அடுத்த கிழமை போறன். நெல்லு விளைஞ்சிட்டுதெண்டா புதிருக்கு வாறன். இல்லாட்டி வரேல்லை. சும்மா வந்து நீங்கள் அழுறதைப் பாக்க என்னால ஏலாது."

நெல் இன்னும் பாலாகத்தான் இருந்தது. மணியை நசுக்கினால் வெள்ளைத் தண்ணீர் வரும். பால் கதிரில் கத்தி வைப்பது பாவம் என்று வளர்ந்தவள் அவள்.

"ஓம் ராசா, விளைஞ்சிட்டுது. வா."

விடிந்ததும் கொஞ்சம் மஞ்சள் தட்டிய கதிர்களாகப் பொறுக்கி அறுத்தாள். கை கூசியது. பானையில் கடையில் வாங்கிய அரிசியைப் போட்டாள்.

சுஜிதன் வந்தான். சாமிப் படத்தடியில் கிடந்த கதிரில் ஒரு மணியை உருவிக் கடித்தான். வயல் செய்த கமக்காரன் பெற்ற பிள்ளையை ஏமாற்ற முடியுமா?

"இது பால் எல்லே அம்மா? ஏன் வெட்டினனீங்கள்?"

"உள்ளதைச் சொல்லியிருந்தா நீ வந்திருப்பியோ?"

அவன் கடை அரிசிப் பொங்கலை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பின்னேர பஸ்ஸில் போய்விட்டான்.

மாசி நடுவில் நெல் விளைந்தது. கண் படும் விளைச்சல். கண் வைக்கத்தான் ஆளில்லை. சிவனேஸ்வரி முறைப்படி அறுத்து, குத்தி, பொங்கி, மகனுக்குப் போன் எடுத்தாள்.

"வேலையில நிக்கிறன் அம்மா. பிறகு எடுக்கிறன்."

காத்திருந்தாள். பொங்கல் ஆறியது. புதிர்ச் சோற்றைத் தனியே இருந்து உண்ணக்கூடாது என்பார்கள். அவளுக்குப் பசித்தது. சாப்பிட்டாள்.