அரசன் கொடுத்த சாட்டர்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் அந்தச் சின்னச் சந்தைப் பட்டினத்தைப் பற்றி ஒஸ்லோவில் என்னளவுக்குக் கதைத்த ஆள் வேறு யாரும் இருக்க முடியாது. ட்ராமில் வாய்க்குள் கதைத்தேன், குசினியில் உரத்துக் கதைத்தேன், நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் காது கேளாதவர்களுக்கு எல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். ஒருவராவது என்னைத் திருத்தவில்லை. அதனால் நான் சொல்வது முழுக்கச் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அந்த இல்லத்தில் உதவியாளராகப் பல வருடங்கள் வேலை செய்துவிட்டேன். குளிக்க வார்ப்பது, சாப்பாடு தீத்துவது, படுக்கை மாற்றுவது எல்லாம் என் கைதான். ஆனால் மருந்து அலுமாரியின் சாவி தாதியின் இடுப்பில் இருந்தது. யாருக்காவது தலையிடி என்றால் ஒரு குளிசை எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. தாதியைத் தேடி மாடி மாடியாக ஓட வேண்டும். நேற்றுப் படிப்பு முடித்த பெட்டைகள் அந்தச் சாவியைக் கிலுக்கிக்கொண்டு நடக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள்மேல் கோபமில்லை, அந்தச் சாவிமேல்தான் ஆசை.

வேலை அனுபவம் உள்ள பெரியவர்கள் ஆறு பாடங்களில் சித்தியடைந்தால் தாதிக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்றொரு வழி நோர்வேயில் இருந்தது. ஐந்தை எப்படியோ இழுத்துப் பறித்து முடித்துவிட்டேன். ஆங்கிலம்தான் மிஞ்சியது. எழுத்துப் பரீட்சையில் ஒருமாதிரித் தப்பிவிட்டேன், வாய்மொழிப் பரீட்சையில் விழுந்தேன். ஆங்கிலம் கதைக்க வாயைத் திறந்தால் நோர்வேஜிய மொழி முந்திக்கொண்டு வந்து நிற்கிறது, நான் என்ன செய்ய? இரண்டாம் முறையும் விழுந்தால் பிறகு புத்தகம் தூக்க மனம் வராது என்று எனக்கே தெரியும். சாவி ஆசையை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டியதுதான்.

வாய்மொழிப் பரீட்சைக்கு ஒரு விடயத்தை நாங்களே தெரிந்தெடுத்துத் தயார்செய்துகொண்டு போகலாம். மற்றவர்கள் காலநிலை, அமெரிக்கத் தேர்தல் என்று பெரிய பெரிய தலைப்புகளாகப் பிடித்தார்கள். நான் என் தங்கச்சியின் ஊரைப் பிடித்தேன். அவள் கலியாணம் கட்டி நேரே இங்கிலாந்துக்குப் போனவள். அவளும் புருசனும் அந்தப் பட்டினத்துச் சந்தைச் சதுக்கத்தின் மூலையில் ஒரு பலசரக்குக் கடை நடத்துகிறார்கள். முந்தின கோடையில் நான் அங்கே போய் நின்றுவிட்டு வந்தேன். கண்ணால் கண்டதைச் சொல்ல யாருக்குப் பயம்?

நல்ல வடிவான ஊர். நடுவில் கல் பதித்த சதுக்கம். அதன் நடுவே தூண்களில் நிற்கும் ஒரு கூரை. அதன் கீழேதான் முந்தின காலத்தில் பெண்கள் வெண்ணெய் விற்றார்களாம். ஒரு தெருவின் பெயர் ஆட்டுத் தெரு, இன்னொன்று வெண்ணெய்த் தெரு. ஆட்டு மயிரில் சம்பாதித்த பணத்தில், ஊருக்குப் பொருந்தாத பெரிய தேவாலயம் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். குதிரைவண்டி உள்ளே போவதற்கு வளைவு வாசல் வைத்த பழைய விடுதியில் இப்போது கறியும் சோறும் விற்கிறார்கள். மாட்டுச் சந்தை நடந்த வெளி சூப்பர்மார்க்கெட்டின் கார் தரிப்பிடமாகிவிட்டது. இளம் ஆட்கள் காலையில் ரயில் ஏறிப் பெரிய நகரங்களுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். பகலில் வயதானவர்களும் புறாக்களும்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை மட்டும் ஊர் வேறு ஊர். விடியவே வான்கள் வந்து கோடு போட்ட துணிப் பந்தல்களை விரித்துவிடும். சீஸ், பூக்கன்று, மலிவான காலுறை, கைத்தொலைபேசிக்கு உறை, எல்லாம் வரும். சுற்றுக் கிராமத்துக் கிழவர் கிழவியர் பஸ் ஏறி வந்து, ஒரு முட்டைக்கோவா வாங்க ஒரு காலை முழுதும் கதைத்துக்கொண்டு நிற்பார்கள். போலந்துக்காரர் வந்து சேர்ந்த பிறகு தங்கச்சியின் கடையில் ஊறுகாய் வெள்ளரிக்குத் தனித் தட்டு.

அங்கே ஆளை ஆள் 'மை டக்' என்றுதான் கூப்பிடுவார்கள், என் தாராவே, என் வாத்தே என்று அன்பாகச் சொல்வதாம். கடை திறந்த முதல் கிழமையே ஒரு கிழவர் தங்கச்சியை அப்படிக் கூப்பிட, அவள் அழுதுகொண்டு எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, என்னைத் தாரா எண்டு சொல்லிப்போட்டுப் போறான், துலைவான். நான் என்ன, தாரா மாதிரியே நடக்கிறன்?"

பிறகு பார்த்தால் அவள் புருசனும் தாரா, தபால்காரனும் தாரா, பாதிரியாரும் தாரா. இப்போது யாராவது அப்படிக் கூப்பிடாமல் போனால்தான் அவளுக்கு மனம் நோகிறது.

இத்தனையும் சரி. பிழை வந்தது ஒரே ஒரு சொல்லில். சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கும் பழைய சந்தை மண்டபத்துச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். எழுநூறோ எண்ணூறோ வருடங்களுக்கு முன்னர் ஓர் அரசன் இந்தப் பட்டினத்துக்கு ஒரு 'சாட்டர்' கொடுத்தான் என்று அதில் வெட்டியிருந்தது. இது நோர்வேயில் இருப்பவர்களுக்கு அகராதி பார்க்க வேண்டிய சொல்லா? மழை தொடங்கினால் போதும், என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சாட்டர், சாட்டர் என்று புலம்புவார்கள். ஆட்களை மொத்தமாக ஏற்றிக்கொண்டு கிரான் கனாரியாவுக்கும் கிரேக்கத்துக்கும் பறக்கும் மலிவுச் சுற்றுலாதான் சாட்டர். வெயில் காயப் போகும் அந்த இடங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர், 'சீடன்'. தெற்கு என்று அர்த்தம்.

என் மனுசன் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர். எந்தச் சந்தேகமும் அவரிடம் கேட்டால் தீரும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்தக் காலத்தில் விமானம் ஏது என்று கேட்டேன்.

"நீர் ஏன் தலையைப் போட்டு உடைக்கிறீர்? பிளேன் இல்லாட்டிக் கப்பல். அரசன் எண்டால் ஒரு கப்பலை வாடகைக்குப் பிடிச்சு, சனத்தை ஏத்தி, போய் வெயில் காய்ஞ்சுகொண்டு வாங்கோ எண்டு அனுப்பியிருப்பான். உந்த மழைக்குள்ளை கிடந்து அதுகளும் என்ன செய்யிறது?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இருந்தாலும் தங்கச்சியிடம் கேட்டேன்.

"அதென்ன கண்டறியாத சாட்டரோ எனக்குத் தெரியாதக்கா. வருசா வருசம் சாட்டர் ஃபெயர் எண்டு றோட்டெல்லாம் மறிச்சுப்போட்டு ராட்டினம் பூட்டுறாங்கள். பழங்காலத்து உடுப்பும் போட்டுக்கொண்டு திரியினம். எங்களுக்கு நல்ல வியாபாரம்."

பாருங்கள்! எத்தனையோ நூறு வருடமாகியும் அந்தப் பயணத்தை மறக்காமல் கொண்டாடுகிறார்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தைப் பேச்சின் உச்சமாக வைத்துக்கொண்டேன். குரலை எங்கே உயர்த்துவது, எங்கே நிறுத்துவது என்றுகூடப் பழகினேன்.

பரீட்சை அன்று ஒஸ்லோவில் நல்ல வெயில். மேசைக்கு அந்தப் பக்கம் கட்டை முடி வெட்டிய ஓர் ஆசிரியை, பக்கத்தில் வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவர், உயரமான மனிதர். நான் தொடங்கினேன். சொற்கள் தாமாக வந்தன. ஆட்டுத் தெரு வந்தது, வெண்ணெய் வந்தது, தேவாலயம் வந்தது. தாராக் கதைக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். நோர்வேஜிய மொழி அன்று வாய்க்குள் எட்டிப் பார்க்கவேயில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பிறகு குரலை உயர்த்தினேன்.

அரசன் மக்களுக்கு ஒரு சாட்டர் கொடுத்தான், அவர்கள் மிகவும் சந்தோசப்பட்டார்கள், எல்லோரும் கப்பலில் ஏறிப் போனார்கள் என்றேன்.

இரண்டு பேரும் எழுதுவதை நிறுத்தினார்கள். ஆசிரியை மெதுவாகக் கேட்டாள், எங்கே போனார்கள்?

தெற்கே, என்றேன். ஸ்பெயினாக இருக்கலாம்.

அந்த உயரமான மனிதர் வாயைப் பொத்தினார். பொத்தியும் நிற்கவில்லை. தோள் இரண்டும் குலுங்கின. பிறகு அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! என் கஷ்டத்துக்கு ஒரு விலை இல்லையா? என்ன சிரிப்பு, சொல்லிவிட்டுச் சிரியுங்கள் என்று ஆங்கிலத்திலேயே கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சொன்னார்: ஆங்கிலத்தில் அந்தச் சொல் பயணம் இல்லை. அரசன் ஓர் உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரம்.

ஐயோ கடவுளே! அந்த நேரம் நான் நினைத்தது ஆங்கிலத்தையல்ல. சாவியைத்தான் நினைத்தேன். போய்விட்டது, இனி சாகும்வரை ஒரு குளிசைக்கு மாடி ஏறத்தான் வேண்டும் என்று நினைத்தேன்.

ஆசிரியை தண்ணீர்க் குவளையை என் பக்கம் தள்ளினாள். அவள் குரலில் கேலி இல்லை. சரி, பயணம் இல்லை என்று வைத்துக்கொள்வோம், அந்தப் பத்திரத்தில் அரசன் என்ன கொடுத்திருப்பான், நீங்கள் அந்த ஊரைக் கண்டவர், யோசித்துச் சொல்லுங்கள் என்றாள்.

யோசித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சந்தை. நாங்கள் பிறந்து வளர்ந்த பக்கத்தில் ஓர் ஊர்ச் சந்தை கூடுகிற நாளில் பக்கத்து ஊர்ச் சந்தை கூடாது. வாசலில் சந்தைக் குத்தகைக்காரன் நின்று கடகப்பெட்டி ஒவ்வொன்றுக்கும் காசு வாங்குவான். எவ்வளவு கத்தினாலும் அவன் விடமாட்டான். கையில் குத்தகைக் கடுதாசி வைத்திருப்பவன் ஏன் விடுவான்? தங்கச்சியின் ஊரிலும் செவ்வாய், பக்கத்துப் பட்டினத்தில் வியாழன், அதற்கு அடுத்ததில் சனி. அதே வான்கள்தான் ஊர் ஊராகச் சுற்றுகின்றன என்று அவள் சொல்லியிருந்தாள். சட்டென்று பிடிபட்டது.

"அரசன் அவர்களுக்குச் செவ்வாய்க்கிழமையைக் கொடுத்தான்!" என்றேன்.

மேசையில் கையாலும் தட்டிவிட்டேன். உயரமான மனிதரின் பேனை தாளுக்கு மேலே அப்படியே நின்றது. இனி யார் என்னை நிறுத்துவது? பழகாத பேச்சு, பாடமாக்காத பேச்சு, ஆனால் ஒரு இடத்திலும் தடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அந்த ஊருக்குச் சொந்தம், சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் அன்று கடை விரிக்கக் கூடாது, அந்தச் சந்தையில் விரிக்க வந்தவன் ஊருக்குக் காசு கட்ட வேண்டும் என்றேன். செவ்வாய்க்கிழமை இருந்தபடியால்தான் ஆட்டு மயிர் அந்த ஊருக்கு வந்தது, வந்தவன் படுக்க விடுதி வந்தது, மிஞ்சின காசில் தேவாலயம் வந்தது. மாடு போய்விட்டது, மாட்டு வெளி கார் தரிப்பிடமாகிவிட்டது, அரசன் செத்தே எவ்வளவு காலம்! செவ்வாய்க்கிழமை மட்டும் போகவில்லை. என் தங்கச்சி அந்த ஒரு நாளில் விற்கிற அளவு பாணும் பாலும் மற்ற நாள் எதிலும் விற்றதில்லை என்றேன். கடைசியில் அந்த மனிதரைப் பார்த்தே சொன்னேன்: நான் சொன்ன பயணமாக இருந்தால் ஒரு கிழமையில் தோல் கறுத்துத் திரும்பி வந்திருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். இது நல்ல அரசன்.

இந்த முறையும் அவர் சிரித்தார். ஆனால் இப்போது நானும் சேர்ந்து சிரித்தேன்.

வெளியே நிற்கச் சொன்னார்கள். நின்றேன். கும்பிடாத தெய்வம் இல்லை. கதவைத் திறந்து ஆசிரியை ஒரு சொல்தான் சொன்னாள். "ஃபெம்." ஐந்து! ஆறுதான் உச்சப் புள்ளி. விழுந்துவிடாமல் இருந்தால் போதும் என்று வந்தவளுக்கு ஐந்து! நான் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டேன். நோர்வேயில் முன்பின் தெரியாதவரை அப்படிக் கட்டிப்பிடிப்பதில்லை. பிடித்தாயிற்று, என்ன செய்வது?

அன்று என் மனுசனின் பஸ் அந்தப் பள்ளிக்கூடத்து வழியாகத்தான் ஓடியது. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு அவருடையதில் ஏறினேன். என் முகத்தைப் பார்த்தவர் எனக்கு முன்னால் ஏறினவருக்குச் சில்லறை கொடுப்பதை மறந்துவிட்டார்.

"சாட்டர் எண்டால் பயணம் இல்லையாம். கடுதாசியாம்," என்றேன்.

"ஐயையோ, அப்ப எல்லாம் போச்சோ? என்ரை கதையைக் கேட்டே உமக்கு..."

"விசர்க்கதை கதையாதேங்கோ. ஐஞ்சு!"

அவர் ஒலிவாங்கியை எடுத்து, என் மனைவி ஆங்கிலத்தில் ஐந்து எடுத்துவிட்டாள் என்று முழு பஸ்ஸுக்கும் நோர்வேஜிய மொழியில் அறிவித்தார். பக்கத்து ஆசனத்தில் இருப்பவனோடும் கதைக்காத சனம் அது. எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒருவர் கை தட்ட, ஒவ்வொருவராகச் சேர்ந்து எல்லோரும் தட்டினார்கள். நான் அரசி போல நின்று தலையை ஆட்டினேன். அவர் பஸ்ஸை எடுக்க மறந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த இலையுதிர் காலமே கல்லூரிக்குப் போனேன். படிப்பு முடிய வருடங்கள் எடுத்தன. கஷ்டப்பட்டேன், சில நாள் அழுதும் இருக்கிறேன். அதை விடுங்கள். தாதியாக அதே முதியோர் இல்லத்துக்குத் திரும்பிய முதல் நாள், காலையில் சாவிக்கொத்தை என் கையில் தந்தார்கள். இடுப்பில் கொழுவிக்கொண்டு, தேவையில்லாமலே நடைபாதையின் கடைசிவரை போய் வந்தேன். நன்றாகக் கிலுங்கியது. பத்து மணிபோல ஒருவருக்குத் தலையிடி வந்தது. யாரையும் தேடாமல் நானே அலுமாரியைத் திறந்து குளிசையை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை விழுங்கி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இடைவேளையில் மனுசனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, எனக்கும் சாட்டர் தந்திட்டாங்கள்."

"எங்கை, கனாரியாவுக்கோ?"

"இல்லை," என்றேன். "மருந்து அலுமாரிக்கு."