ஷிப்ட் புத்தகத்தில் மூன்றாம் எண்

தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள், பிற்பகல் மூன்று மணிக்கு, உஷாராணி தான் பதினோரு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய கிடங்கை விட்டு வெளியேறினாள். பாசாருக்குக் காய் வாங்கப் போகிறவள் மாதிரித்தான் நடந்தாள்.

அன்று காலை அவள் ஷிப்ட் பொறுப்பாளர் ஆகியிருக்க வேண்டும். பண்டமாரானில் இருந்த அந்தக் கிடங்கில் பொறுப்பாளருக்கான தேர்வை எழுதித் தேறி, தலைமையகத்துக் கடிதமும் கைக்கு வந்தாயிற்று. மேனேஜர் சாவிக்கொத்தைக் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி. மகனுக்கு உடம்பு தேறியதற்காகப் பத்துமலையில் மொட்டை போட்டிருந்தாள். மேனேஜர் அவள் தலையை ஏற இறங்கப் பார்த்தார். சுற்றி ஏழெட்டுப் பேர்.

“இந்தத் தலையோட கஸ்டமர் முன்னாடி நிப்பியா? கெலிங் கையில சாவியக் கொடுத்தா மறுநாள் ஸ்டோரே இருக்காது,” என்று தமிழரை இழிவு செய்யும் அந்தச் சொல்லைப் போட்டு மலாயில் சொல்லிச் சிரித்தார். சாவிக்கொத்து அவர் பைக்குள் போனது.

உஷாராணிக்குக் காது சுட்டது. நாக்கு நுனியில் பதில் மூன்று மொழியிலும் தயாராக இருந்தது. கத்தினால், ‘பாத்தீங்களா, நான் சொல்லல?’ என்று கதையை அங்கேயே முடித்துவிடுவார்.

“போஸ், இதை எழுத்துல கொடுங்க.”

“என்ன எழுத்து? போய் வண்டிய எடு லா.”

எடுத்தாள். ஒரு பெட்டியைக்கூட இடிக்காமல் ஓட்டினாள். இடைவேளையில் கணவன் சுகுமாறனுக்குப் போன் போட்டாள்.

“அங்கேயே நில்லு. லோரியோட வரேன். அவன் காரு மேல ரிவர்ஸ் எடுக்கிறேன்.”

“உங்களுக்கு ரிவர்ஸே ஒழுங்கா வராது. சும்மா இருங்க.”

“அப்ப என்னதான்டி பண்ணப் போற?”

“எழுதப் போறேன்.”

ஷிப்ட் முடிகிறவர்கள் கோளாறுகளை எண் போட்டு ஒரு தடித்த புத்தகத்தில் எழுத வேண்டும். வருகிறவர்கள் படித்துக் கையெழுத்திட வேண்டும். சரிசெய்யாமல் கிடப்பதை அவர்களும் தங்கள் பக்கத்தில் திரும்ப எழுத வேண்டும், அது தீரும் வரை. உஷாராணி எழுதினாள். ஒன்று, நான்காம் வண்டிக்கு ஹார்ன் இல்லை. இரண்டு, ‘சி’ வரிசையில் கூரை ஒழுகுகிறது. மூன்று, காலை 7.10க்கு மேனேஜர் சொன்னது. அவர் சொன்னதை அப்படியே எழுதினாள். தன் பங்குக்கு ஒரு வசவுகூடச் சேர்க்கவில்லை. கடைசியில், நடவடிக்கை இல்லை.

அடுத்த ஷிப்டின் பொறுப்பாளர் ஹலிமாவின் விரல் மூன்றாம் எண்ணில் நின்றது.

“காக் உஷா, இதுக்கும் நான் கையெழுத்துப் போடணுமா?” என்று மலாயில் அக்கா முறை வைத்துக் கேட்டாள்.

“சரியாயிடுச்சுன்னு தோணுச்சுன்னா போடாதே.”

ஹலிமா பேனாவைத் திறந்தாள். உஷாராணி ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

தலைமையகத்துக்கும் புகார் அனுப்பினாள். ‘விசாரிக்கிறோம்’ என்று ஒரு வரி வந்தது, அதோடு சரி. பூச்சோங்கில் சோபா விற்கும் கடையின் ஸ்டோரில் வேலை கிடைத்தது. முடி வளர்ந்து தோளைத் தொட்டது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாமோ என்று சில நாள் தன் மேலேயே எரிச்சல் வரும். சுகுமாறனிடம் மட்டும் அதைச் சொல்லமாட்டாள். லோரிச் சாவியைத் தேடிக் கிளம்பிவிடுவான்.

ஒன்றரை வருடம் கழித்து ஹலிமாவிடமிருந்து மலாயில் ஒரு செய்தி வந்தது.

“காக் உஷா, வண்டியில இருந்தா நிறுத்திட்டுப் படிங்க. புதுசா வந்த ஆடிட்டர் அம்மா இன்னிக்கி ஷிப்ட் புத்தகத்தப் புரட்டினாங்க. ஒரே கோளாற தொள்ளாயிரம் தடவைக்கு மேல எழுதியிருக்கீங்களே, அது என்ன மெஷின்னு கேட்டாங்க. படிச்சுக் காட்டினோம். அந்த வரிய அடிச்சிடுங்கன்னு மேனேஜர் எத்தனையோ தடவ சொன்னாரு. நடவடிக்கை இல்லாம அடிக்கக் கூடாதுன்னு அவர் கையெழுத்துப் போட்ட ரூல்ஸயே எடுத்து நீட்டினோம். ரெண்டு ஷிப்டுலயும் ஒரு ஆள் விடல. இப்ப அவர வேலையில இருந்து நிறுத்தி விசாரிக்கிறாங்க. பொறுப்பாளரா உங்களக் கூப்பிடணும்னு தலைமையகத்துல நம்பர் கேட்டாங்க, கொடுத்துட்டேன். வரதும் வராததும் உங்க இஷ்டம். ஆனா மூணாம் நம்பர மூடவான்னு கேட்டதுக்கு, உஷா வந்து சொல்லட்டும்னு எல்லாரும் சொல்லிட்டோம். இன்னிக்கும் எழுதியாச்சு.”