தொங்கிக்கொண்டிருந்த நீல வயர்

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டரம்மாவுக்கு யார் பெயரும் மனசில் நிற்காது; எக்ஸ்டென்ஷன் நம்பர்தான் நிற்கும். "பதினேழுக்கு ரெண்டு நாளா சளி" என்பார். பதினேழு என்றால் மருந்துக் கடைக்காரர். வீட்டில் சண்டை நடுவில் பால் பொங்கினால், புருஷனிடம் "லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடுவார். அந்த மனுஷனும் பாவம், வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்.

முப்பத்தோரு வருஷ சர்வீஸ். சேர்ந்த புதிதில் இருந்தது, வயரைக் குத்திக் குத்திப் பேச்சை இணைக்கும் பழைய போர்டு. அதில் ஒரு வயர் தொங்கினால், எங்கேயோ ஒருத்தர் பாதிப் பேச்சில் அறுந்து நிற்கிறார் என்று அர்த்தம். அதனால் தொங்கும் வயரைக் கண்டாலே அம்மாவுக்குக் கை பரபரக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் உறைந்து போயின. நெட்வொர்க் இன்ஜினீயர் வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டே வந்து, "சர்வர் படுத்துடுச்சு போலிருக்கு" என்றார்.

மனுஷனைப் போய் 'படுத்துடுச்சு' என்பதா என்று அம்மாவுக்குச் சுருக்கென்றது. உடனே கேன்டீனுக்குப் போன் போட்டு, "உங்க சர்வருக்கு என்னாச்சுப்பா?" என்று விசாரித்தார். "நல்லாத்தானே பரிமாறிக்கிட்டிருக்கான்!" என்று பதில் வந்தது.

நல்லவேளை, போன் லைன் தனி. டாக்டர்கள் எல்லாரும் அம்மாவையே பிடித்துக்கொண்டார்கள். லேபிலிருந்து ரிசல்ட் கேட்டு மூன்றாம் மாடிக்குச் சொல்வது, அங்கிருந்து ஆபரேஷன் நேரம் கேட்டு வரவேற்புக்குச் சொல்வது என்று மூச்சுவிட நேரமில்லை. பெரிய டாக்டரே லைனில் வந்து, "நீங்க இல்லேன்னா இன்னிக்கு நாங்க அம்போதாம்மா" என்றார். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மத்தியானம் இன்ஜினீயர் சோர்ந்துபோய்ப் பக்கத்து நாற்காலியில் விழுந்தார்.

"சர்வர்ங்கிறது ஒரு மெஷின்மா. அது நல்லாத்தான் இருக்கு. செய்தியெல்லாம் சின்னச் சின்னத் துண்டா, பாக்கெட்டா போகும். ஸ்விட்ச்னு ஒரு பெட்டி அதைப் பிரிச்சு அனுப்பும்."

"என்னை மாதிரி."

"அச்சு அசல் உங்களை மாதிரி. ஆனா யாராவது ஒரே வயரோட ரெண்டு முனையையும் அந்த ஸ்விட்ச்லயே சொருகிட்டா, போன பாக்கெட்டே திரும்பி வரும். அதையே மறுபடி அனுப்பும். ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, வழியே அடைச்சுக்கும். அதுக்குப் பேரு லூப். எந்தப் புண்ணியவான் எங்க செஞ்சானோ, காலையிலேர்ந்து தேடுறேன்!"

அம்மாவுக்குச் சட்டென்று நினைவு வந்தது. காலையில் குடையை வைக்கப் பின்னறைக்குப் போனபோது, அங்கே ஒரு பெட்டியிலிருந்து ஒரு வயர் தொங்கியது. அதே பெட்டியில் ஒரு ஓட்டை காலியாக இருந்தது. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அரைநாள் சேர்த்த பெருமையையும் கட்டிக் காப்பாற்றலாம். ஆனால் மனசு கேட்கவில்லை.

"சார்... அந்த வயரு நீலமா இருக்குமா?"

"எந்த வயரு?"

"தொங்கிட்டிருந்துச்சு. பார்க்கப் பாவமா இருந்துச்சு."

இன்ஜினீயர் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. அவர் வயரைப் பிடுங்கியதும் ஒவ்வொரு கம்ப்யூட்டராக உயிர் பெற்றது.

சாயங்காலம் எல்லாரையும் கூட்டிவைத்துப் பெரிய டாக்டர் அம்மாவைப் பாராட்ட ஆரம்பித்தார். அம்மா எழுந்து, "வேண்டாம் சார். நெருப்பு வச்சதும் நான்தான், தண்ணி ஊத்தினதும் நான்தான்" என்று முழுக்கதையையும் சொல்லிவிட்டார். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தார். பிறகு பின்னறைக்கு ஒரு பூட்டு வாங்கச் சொன்னார்.

சாவி யாரிடம் இருப்பது என்று பேச்சு வந்தது. நாள் முழுக்க இடத்தைவிட்டு நகராதவர் ஆபரேட்டரம்மா ஒருத்தர்தான். எல்லாருக்கும் அது தெரியும். எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள்.