புலம்புவதற்கென்று ஒரு வரப்பு வைத்த ஞானம்மா அக்கா

சேதி வந்தபோது நாங்கள் பதினொரு பேரும் பாத்திக்குள் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருத்தியான மல்லிகாவின் வீட்டுக்காரர் சைக்கிளை மேட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்து, "ஞானம்மா அக்கா போயிட்டாங்க" என்று கத்தினார். நாங்கள் யாரும் உப்பு வாரும் பலகையைக் கீழே போடவில்லை. கேட்பவர்களுக்கு இது கல்நெஞ்சாகத் தெரியும். அக்காவை அறிந்த உங்களுக்கு அப்படித் தெரியாது. பாதி வாரிய பாத்தியை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தால், "உப்பை வெயில்ல போட்டுட்டு என்னைப் பாக்க வந்தீங்களாடி?" என்று படுத்த இடத்திலிருந்தே எழுந்து கேட்டிருப்பார். அழுதுகொண்டே வாரினோம். கரையில் குவித்து முடித்தோம். அப்புறம்தான் காலைக் கழுவிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம்.

முப்பதாம் நாள் ஜெபத்தில் படிக்க நீதான் எழுத வேண்டும் என்று கூட வேலை செய்யும் செட்டுப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். நான் அஞ்சாவதோடு நின்றவள். என் பேத்தி கவிதா எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினாள். வார்த்தை எல்லாம் என்னுடையது.

மரக்காணம் உப்பளத்தில் எங்கள் பன்னிரண்டு பேர் செட்டுக்கு அக்காதான் தலைவி. பருவம் தொடங்குமுன் பாத்தித் தரையைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். வரிசையாக நின்று, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்து, குதிகாலை ஊன்றி ஊன்றிப் பின்னால் நகர வேண்டும். தரை சரியாக இறுகாவிட்டால் உப்போடு சேறும் வரும். காலையில் பாத்திக்குள் காலெடுத்து வைக்குமுன் அக்கா மேலே பார்த்து, பக்கத்துப் பாத்தியில் நிற்பவரிடம் பேசுவதுபோலச் சொல்வார்: "சாமி, உன் வேலையை நீ பாரு. என் வேலையை நான் பாக்கறேன்." அவ்வளவுதான் அவருடைய காலை ஜெபம்.

அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். பாத்திக்குள் புலம்பக் கூடாது. "புலம்பணும்னா வரப்புல ஏறி நின்னு ஆசை தீரப் புலம்பு. யாரும் தடுக்க மாட்டோம். முடிஞ்சதும் இறங்கிடணும். உள்ள இறங்கிட்டா மிதி." புருஷன் குடித்துவிட்டு வந்தவள், மருமகள் சோறு போடாதவள், எல்லாரும் ஏறியிருக்கிறோம். அதிகம் ஏறியவள் நான். "தனத்துக்கு அந்த வரப்புல ஒரு பட்டா வாங்கிக் குடுத்துடலாம்" என்பாள் மல்லிகா. அக்கா மட்டும் ஏறியதே இல்லை.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மாதா கோயிலில் பூசையில் இருந்தார். அவர் வீட்டுக்காரர் சூசை மாமா கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. எங்கள் பாத்திகள் இருந்த இடம் தெரியவில்லை. முழங்கால் ஆழத்துக்குக் கறுப்புச் சேறு.

பொங்கல் கழிந்ததும் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். "இனிமே இங்க உப்பு விளையாதும்மா. இறால் பண்ணைக்குக் கேக்கறாங்க, குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார். அக்கா, "சித்திரை முடியற வரைக்கும் டைம் குடுங்க. உப்பைக் காட்டறோம். காட்டலைன்னா குடுத்துடுங்க" என்றார். முதலாளி சேற்றைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், சரி என்றார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. தாயில்லாத கவிதாவை ஏழாவது படிக்க வைத்துக்கொண்டிருந்தேன். உப்பளம் போனால் அவளையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய் இரண்டு பேரும் வீட்டு வேலை செய்வது என்று பேசி முடித்திருந்தேன். அவள் புத்தகப் பையைப் பரண்மேல் தூக்கி வைத்துவிட்டுத்தான் சேறு அள்ள வந்தேன்.

சேறு அள்ளத் தொடங்கிய முதல் நாள் மல்லிகா கேட்டே விட்டாள். "கோயில்ல இருந்த உன்னைக் காப்பாத்தினவரு, கரையில இருந்த மாமாவை ஏன்க்கா விட்டுட்டாரு?" எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா கூடையை இறக்கினார். போய் வரப்பில் ஏறினார். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவரை அங்கே பார்த்தேன். கடல் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. நாங்கள் கூடையைப் பிடித்தபடி அப்படியே நின்றோம். வெகு நேரம் கழித்து இறங்கி வந்து, கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"என்னக்கா சொன்னே சாமிகிட்ட?" என்று நான்தான் கேட்டேன்.

"திட்டத்தான்டி ஏறினேன். வாயைத் திறந்தா, கடல் எதிர்ல அதோட இடத்துல நிக்குது. அன்னைக்கு ஊருக்குள்ள வந்த கடல் இல்லையா அது? அதைப் பிடிச்சுத் திருப்பி அனுப்பினவரு ஒருத்தர் இருக்காரு இல்ல? அவருக்கு இந்தச் சேத்தைக் காய வைக்கத் தெரியாதா? மாமாவை ஏன் விட்டாருன்னு நான் போய் நேராவே கேட்டுக்கறேன். நீ அள்ளு."

மாசி முழுக்க அள்ளினோம். பங்குனியில் மிதித்தோம். வழக்கமாகப் பத்து நாளில் இறுகும் தரை இந்த வருஷம் இறுகவே மாட்டேன் என்றது. சித்திரை பிறந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. மற்ற பாத்திகள் ஒருவழியாக இறுகி, வெயிலில் சுண்ட வைத்த கெட்டித் தண்ணீர் விட்டாயிற்று. நடுப்பாத்தி மட்டும் பாக்கி. அக்கா சாப்பிடப் போயிருந்த நேரம், குதிகால் இன்னும் பதிகிறது என்று தெரிந்தே மடையைத் திறந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் தரை கூழாகிவிட்டது. உப்பளத்தில் பிறந்தவள் செய்யக்கூடாத தப்பு. அக்காவைத் தவிர மற்ற பத்துப் பேரும் என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்கள். நான் வரப்பில் ஏறி, கடலை, முதலாளியை, சாமியை, என் தலையெழுத்தை, ஒருத்தரையும் விடாமல் திட்டித் தீர்த்தேன்.

அக்கா கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் மேலே பார்த்து, "சாமி, இது தனம் பண்ண வேலை. உன்மேல பழி போட மாட்டோம். ஆனா இதையும் நீதான் சரி பண்ணணும்" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "எறங்குடி. தண்ணியை வடிச்சுட்டு மறுபடியும் மிதிக்கலாம்."

ஒரு வாரம் மிதித்தோம். கடைசி நாள் குதிகால் பதியவில்லை. மறுநாள் கெட்டித் தண்ணீர் விடலாம் என்று இருந்தபோது கோடை மழை கொட்டியது. மற்ற பாத்திகளில் அப்போதுதான் பனிபோல உப்பு பூக்கத் தொடங்கியிருந்தது. எல்லாம் கரைந்தது. அந்தத் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டுத் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். சித்திரை முடிவதற்குள் அதற்கு நாள் போதாது. மல்லிகா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா நேராக நடுப்பாத்திக்குப் போனார். அதில் கரைவதற்கு ஒன்றும் இல்லை. மழைத் தண்ணீரை மடை வழியாக வடித்துவிட்டு உள்ளே இறங்கி நின்றார். சிமெண்ட்டுத் தரைபோல இருந்தது.

"தனம், நீ அவசரப்படலைன்னா இதுலயும் முன்னாடியே தண்ணி விட்டு, இதுவும் கரைஞ்சு போயிருக்கும்டி" என்றார். "பாத்தியா, நீ பண்ணின கோணலையும் நிமித்திட்டாரு."

நடுப்பாத்திக்கு மட்டும் காணும் அளவுக்கு ஆழமான தொட்டியில் தேக்கியிருந்த கெட்டித் தண்ணீர் மழைக்குப் பெரிதாக நீர்த்துப்போகவில்லை. அதை விட்டோம். வெயில் வந்தது. எப்படிப்பட்ட வெயில்! சித்திரைக் கடைசி நாள் முதலாளி இறால் பண்ணைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது நடுப்பாத்தி வெள்ளை வெளேரென்று கண் கூசியது. முதலாளி செருப்பைக் கழற்றினார். ஒரு உப்புக் கல்லை எடுத்து நாக்கில் வைத்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "நீங்க வேற எடம் பாத்துக்குங்க" என்றார். பன்னிரண்டு பேரும் போட்ட கூச்சல் பஸ் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

முதல் கூடையை அக்கா கோயிலுக்குக் கொண்டுபோனார். இரண்டாவதை என் தலையில் ஏற்றினார். "கீழ்புத்துப்பட்டுல உங்க அய்யனாருக்குக் கொண்டு போ. குதிரை நக்க உப்பு வேணாமா?" அதைச் செலுத்திவிட்டு வீட்டுக்கு வந்ததும் பரண்மேல் இருந்த புத்தகப் பையை இறக்கினேன். கவிதா இப்போது எட்டாவது படிக்கிறாள். தமிழில் வகுப்புக்கே முதல் மார்க்.

இந்த ஆனியில் அக்கா படுத்த படுக்கையானார். வயிற்றில் கட்டி என்றார்கள். வலியில் உதட்டைக் கடித்துக்கொள்வார். "கொஞ்சம் அழுதுடுக்கா" என்றேன். "இங்க வரப்பு எங்கடி இருக்குது ஏறிப் புலம்ப?" என்று சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "சேத்துலயிருந்து உப்பு எடுக்கத் தெரிஞ்சவரு, என்னை மட்டும் மண்ணுலயா விட்டுடுவாரு?" என்றார். அதில் பயமே இல்லை. ஊருக்குப் போக மூட்டை கட்டி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் பேச்சுபோல இருந்தது.

கல்லறையில் எல்லாரும் மண் போட்டார்கள். நாங்கள் பதினொரு பேரும் ஆளுக்கொரு கை உப்பு போட்டோம். அன்று காலை வாரியது. நடுப்பாத்தி உப்பு.

அவருடைய உப்புப் பலகை இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் இடதுகைக்காரர். பலகை ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது, எனக்கு இன்னும் சரியாக வசப்படவில்லை. செட்டுக்குத் தலைவியாகவும் என்னையே வைத்துவிட்டார்கள். "வரப்புல பட்டா வச்சிருந்தவ மேஸ்திரி ஆயிட்டா!" என்கிறாள் மல்லிகா.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் நான் வரப்பில் ஏறினேன். அழத்தான் ஏறினேன். சாமியை ஒரு கேள்வி கேட்கத்தான் ஏறினேன். கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது, கடல் அதன் இடத்தில் நின்றது.

இறங்கிவிட்டேன். பாத்தியில் காலை வைக்குமுன் மேலே பார்த்து, "சாமி, உன் வேலையை நீ பாரு" என்றேன். பின்னாலிருந்து பத்துக் குரல் ஒன்றாக வந்தது: "எங்க வேலையை நாங்க பாக்கறோம்."