கேக்கு உண்டு, நாற்காலி இல்லை

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி அது. இரண்டு கைகளிலும் செல்லோடேப் ஒட்டிப் பிய்த்த பிசின் இன்னும் இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாமல், தூசியைப் பிடித்துக் கறுத்துக் கிடக்கிறது. அந்த இடத்தில் ஒரு காலத்தில் தங்கநிற ரிப்பன் சுற்றி, நடுவில் ஒரு காகிதப் பூவும் வைத்திருந்தார்கள். அந்தப் பிசினைப் பார்க்கிற ஒவ்வொரு நாளும் எனக்குக் கோபம் வருகிறது. நாளானால் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

பள்ளிவாசல் என்கிற ஊருக்குப் பக்கத்தில், மூணாறு போகிற சாலையோரத்தில், சுற்றுலா வருகிறவர்களுக்கு ஏலக்காயும் மிளகும் தேயிலையும் விற்கிற கடை எங்களுடையது. எங்களுடையது என்று சொல்லி வாய் பழகிவிட்டது. கடை முதலாளியுடையது. அவர் போடிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து இங்கேயே ஊன்றியவர். விற்பனைக்கு நிற்கிற பெண்கள் எல்லோரும் தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வருகிறவர்கள். காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து இரவு இறக்கும்வரை நிற்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பின்பக்கக் கிடங்கில் அட்டைப்பெட்டி மேல் கொஞ்சம் உட்காரலாம். எங்களில் மூத்தவள் அக்கா. வடக்கத்திக்காரர்கள் யார் வந்தாலும் அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை பேசி, ஒரு பாக்கெட் கேட்டவர்களை மூன்று பாக்கெட்டோடு அனுப்பிவைப்பாள். அவளுக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. நிற்பதைக் குறைக்காவிட்டால் புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அவள் சம்பளத்தில்தான் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். "அவ படிச்சி முடிக்கிற வரைக்கும் இந்தக் காலு தாங்கிட்டாப் போதும்டி" என்பாள்.

அந்தச் சமயத்தில் கீழே வளைவில் ஒரு பெரிய கடை திறந்தது. எங்களில் இரண்டு பேர் அங்கே போய்விட்டார்கள். முதலாளிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வேலையாட்களை எப்படிக் கையில் வைத்துக்கொள்வது என்று வியாபாரிகளுக்கு யாரோ நடத்திய வகுப்புக்குப் போய்வந்து, எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பேசினார். இனி எல்லோரும் ஒரே குடும்பமாம். பிறந்தநாளுக்குக் கேக்கு. கடைப் பெயர் தைத்த மெரூன் ஸ்வெட்டர். வருசத்துக்கு ஒருமுறை ஆலப்புழைக்கு டூர். "வேற என்ன வேணும்? கூச்சப்படாமக் கேளுங்க" என்றார்.

அக்கா கேட்டாள்: "ஒரு ஸ்டூலு போடுங்க மொதலாளி. ஆளில்லாத நேரத்துல செத்த உக்காந்துக்கிடுதோம். நான் கேக்கல, எங்காலு கேக்குது."

முதலாளி சிரித்தார். "பொம்பளைங்க உக்காந்திருக்கிறதப் பாத்தா, யாவாரம் இல்லாத கடைன்னு வண்டி நிக்காமப் போயிரும்மா. அதைத் தவிர என்ன வேணும்னாலும் கேளு."

அதைத் தவிர! இன்றைக்கும் அந்த வார்த்தை என் காதில் கிடந்து குடைகிறது.

கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று கேரளத்தில் சட்டமே உண்டு. அது முதலாளிக்கும் தெரியும். ஒரு ஸ்டூல் வாங்கி, பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்காமல் பரண்மேல் வைத்திருந்தார். லேபர் ஆபீசர் வருகிறார் என்று பக்கத்துக் கடையிலிருந்து போன் வந்தால் ஸ்டூல் கீழே இறங்கும். ஒருநாள் அக்காவைத்தான் அதில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும் காலை நீட்டி ஒரு மூச்சு விட்டாள். "இரிக்கான் சௌகரியம் உண்டல்லே?" உட்கார வசதி இருக்கிறதுதானே என்று ஆபீசர் மலையாளத்தில் கேட்டார். அக்கா முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உண்டு சார்" என்றாள். நாங்களும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். ஆபீசரின் ஜீப் கிளம்பியதும் முதலாளி எழுந்திரு என்று சொல்லவில்லை. அருகில் வந்து ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். அக்கா தானாகவே எழுந்துவிட்டாள்.

அக்காவின் பிறந்தநாளும் வந்தது. பெயர் எழுதிய கேக்கு வாங்கி, கல்லாவுக்கு முன்னால் வைத்தார்கள். எல்லோரும் சுற்றி நின்று கைதட்டினோம். அவள் கத்தியை வைத்து அழுத்துகிறபோது, பக்கத்தில் நின்ற நான் தரையைப் பார்த்தேன். வெள்ளை டைல்ஸில் சேலைக்குக் கீழிருந்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. புடைத்த நரம்பு வெடித்திருந்தது. முதலாளி பதறிப்போய்த் தன் காரிலேயே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதை நான் மறைக்க மாட்டேன். சீட்டெல்லாம் ரத்தமானாலும் பரவாயில்லை என்று காரில் ஏற்றத் தெரிந்த மனிதருக்கு, பரண்மேல் இருந்த ஸ்டூலை இறக்கிப் போடத் தெரியவில்லையே என்றுதான் என் வயிறு எரிகிறது.

இனி நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி ஒரு பிரிவு விழா நடத்தினார். ரிப்பன் கட்டிய பரிசை அவரே தூக்கிவந்து நடுக்கடையில் வைத்தார். இந்தச் சிவப்பு நாற்காலிதான் அது! "இனியாவது நல்லா உக்காந்து ரெஸ்ட் எடும்மா" என்றார். கேலியாகச் சொல்லியிருந்தால் கூட மன்னித்திருப்பேன். மனசாரச் சொன்னார். போட்டோ எடுக்க உட்காரச் சொன்னபோது அக்கா அசையவில்லை. "இத்தன வருசம் நின்ன எடத்துல எனக்கு உக்காரத் தெரியாது மொதலாளி" என்றாள். காலியான நாற்காலியும் பக்கத்தில் நிற்கிற அக்காவுமாக அந்தப் போட்டோ இப்போதும் கடைச் சுவரில் தொங்குகிறது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எஸ்டேட்டில் அம்மா வேலையை விட்டால் அந்த இடத்துக்கு மகள் வருவது வழக்கம். லயத்து வீடு கைவிட்டுப் போகாமலிருக்க ஆதிகாலத்திலிருந்து அப்படித்தான் செய்துவந்தோம். முதலாளிக்கும் அது தெரியும். "ஒன் எடம் ஒன் மகளுக்குத்தான். வேற ஆளப் போடமாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் பெரிய சலுகையாக அறிவித்தார். சம்பளம் நின்றதும் கல்லூரிக்குப் பணம் கட்ட வழியில்லை. கடைசி வருடத்தில் படிப்பை நிறுத்திவிட்டு அந்தப் பெண் மெரூன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து, அம்மா நின்ற அதே இடத்தில் நின்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அக்காவைப் பார்க்க லயத்துக்குப் போனேன். நாற்காலி வாசலில் கிடந்தது. அதன்மேல் விறகு அடுக்கியிருந்தாள். விறகைத் தள்ளிவிட்டு என்னிடம் நீட்டினாள். "இத எடுத்துக்கிட்டுப் போ. அவ நிக்கக் கூடாது."

மறுநாள் நாங்கள் வேலைக்கு வருகிற ஜீப்புக்கு மேலே கட்டிக் கொண்டுவந்து, வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, போட்டோவுக்குக் கீழேயே போட்டேன். முதலாளி முகம் மாறியது. "எடும்மா அத" என்றார். "நீங்க குடுத்த பரிசுதான மொதலாளி. எடுத்தா நாங்க அஞ்சு பேரும் கீழ்க்கடைக்குப் போயிருதோம்" என்றேன். சீசன் தொடங்கியிருந்தது. அவர் கல்லாவுக்குப் போய்விட்டார்.

போன மாதம் கடை வாசலில் புதிதாக ஒரு பலகை வைத்திருக்கிறார். ஆள் தேவை என்று எழுதி, கேக்கு, ஸ்வெட்டர், டூர் என்று சலுகைகளை வரிசையாகப் போட்டு, கடைசியில் 'உட்கார நாற்காலி வசதி உண்டு' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறார். அதைப் பிடுங்கி அடுப்பில் வைக்கலாமா என்று தினமும் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

சுவரில் அக்கா நிற்கிறாள். கீழே, பிசின் ஒட்டிய அதே நாற்காலியில், அவள் மகள் உட்கார்ந்தபடியே ஏலக்காய் நிறுத்துக் கொடுக்கிறாள். வண்டிகள் நிற்கின்றன. வருகிறவர்கள் எப்போதும்போல வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள்.